ஊறல் தொட்டியில் போட்ட படங்கள்

“டீச்சர், ஒரு அலமாரிக்கு எத்தினி கதவு இருந்தா போதும்?”

அருள்செல்வி என்னிடம் ஒருநாள் கேட்ட கேள்வி இது. விருத்தாசலத்தில் செராமிக் பொம்மைகள் செய்யும் எங்கள் தெருவில் வாடகையில்லாமல் ஓர் அறை கிடைத்திருந்தது. ஓர் அலுவலகம் வேண்டாமென்று ஒதுக்கிய கணினிகளை அங்கே வைத்து நாங்கள் துடைத்துக்கொண்டிருந்தோம். நான் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. அவர் நான் வேலை பார்த்த பள்ளியில் கணினி ஆசிரியை, என்னைவிட வயதில் மிகவும் இளையவர். “ஒண்ணு போதும். ஆனா சாத்தினா சாத்திக்கணும்” என்றேன். “அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் ஒத்துப்போவும்” என்று சிரித்தார்.

சென்ற வாரம் சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது அவருடைய கணவர் ஏசுதாஸ் போன் செய்தார். “டீச்சர், செல்வி போயிட்டா” என்றார். பஸ் இரைச்சலில் எனக்கு விளங்கவில்லை. “எங்க போயிருக்குது? நான் வர நேரமாவும்னு சொல்லுங்க” என்று சொல்லிவிட்டேன். அவர் அதையே மறுபடி சொன்னார். பிறகுதான் புரிந்தது. மதியம் சாப்பிட உட்கார்ந்தவருக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. ஆஸ்பத்திரி வாசல்வரை பேசிக்கொண்டேதான் போனாராம்.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறிந்தவர்களில் ஒருவருக்கு அவர்மேல் மனத்தாங்கல் உண்டு. அதை விட்டுவிட்டு நல்லதை மட்டும் எழுதினால் செல்வியே ஒப்புக்கொள்ள மாட்டார்.

அந்தக் கணினிகளில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டவர் அவர்தான். பொம்மை செய்யும் பெண்கள் தங்கள் வேலைப் படங்களைப் போனிலிருந்து எடுத்துச் சேர்த்து வைக்கவும், ஆர்டர் தருபவர்களுக்கு அனுப்பவும் ஓர் இடம் வேண்டும் என்பது அவருடைய எண்ணம். கோப்புகளைத் திறந்து காட்டவும், நகர்த்தவும், அழிக்கவும் பயன்படும் மென்பொருளைக் கோப்பு மேலாளர் என்பார்கள். முதலில் இருந்த கோப்பு மேலாளர் அந்தப் பழைய இயந்திரங்களுக்குப் பெரும் பாரம். படங்கள் உள்ள கோப்புறையைத் திறந்துவிட்டுக் கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வரலாம். செல்வி வேறு சிலவற்றை நிறுவி, ஒரே கோப்புறையை ஒவ்வொன்றிலும் திறந்து பார்த்தார். அவற்றில் துனார் என்பது நன்றாகத்தான் இருந்தது. பிசிமேன்எஃப்எம் என்பது எங்கள் இயந்திரங்களில் இன்னும் இலேசாக ஓடியது. “எது ஒசத்தின்னு கேக்காதீங்க டீச்சர். இந்த மிஷினுக்கும் இந்த ஆளுங்களுக்கும் எது சரிப்படும்னு கேளுங்க” என்றார்.

பிறகு அதை அவர்களுக்கு ஏற்றபடி மாற்றினார். போனில் ஒரு தொடுதலில் திறந்து பழகிய கைகள் என்பதால் ஒரே சொடுக்கில் திறக்கும்படி வைத்தார். படங்களைப் பெரிதாகக் காட்டச் செய்தார். இடப்பக்கப் பட்டியில் ‘பொம்மை’ என்ற கோப்புறைக்கு ஒரு குறுக்குவழி வைத்தார். ஒவ்வொரு முறை அழிக்கும்போதும் குப்பைத்தொட்டிக்கு அனுப்பலாமா என்று அது கேட்டது. அதுதான் பெண்களுக்குப் பிடிக்கவில்லை.

“இன்னா செல்விம்மா இது, எங்க மாமியாரே இவ்ளோ கேள்வி கேக்காது” என்றார் கஸ்தூரி. அறையே சிரித்தது. செல்வி அந்தக் கேள்வியை நிறுத்திவிட்டார்.

கஸ்தூரி கொலு பொம்மைகள் செய்பவர். பிளாஸ்டர் அச்சில் களிமண் கரைசலை ஊற்றி எடுப்பது அவருடைய வேலை. ஒரு மழையில் கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்து அச்சுகளெல்லாம் உப்பி உதிர்ந்துபோயின. ஒவ்வொரு பொம்மையையும் நாலாபுறமும் எடுத்து வைத்திருந்த படங்கள்தான் மிச்சம். அவற்றைப் பார்த்து மறுபடி அச்சு செய்து நவராத்திரி ஆர்டரை முடிக்கவேண்டும். படங்கள் ஒரு பென் டிரைவில் இருந்தன.

குப்பைத்தொட்டி என்றால் என்னவென்று அவர்களுக்கு விளக்கச் செல்வி சொன்ன உதாரணம் எனக்கு அப்போது மிகவும் பிடித்திருந்தது. சுடாத பொம்மை உடைந்தால் இங்கே யாரும் அதை எறிவதில்லை. தண்ணீர்த் தொட்டியில் போட்டு ஊறவைத்தால் மறுபடி களிமண்ணாகிவிடும். சூளையில் வெந்த பிறகு உடைந்தால்தான் அது வெறும் ஓடு. “கம்ப்யூட்டர்ல இருக்கிற குப்பைத்தொட்டியும் நம்ம ஊறல் தொட்டி மாதிரிதாங்க. போட்டது திரும்பக் கெடைக்கும்” என்றார். எல்லோருக்கும் உடனே புரிந்தது.

கஸ்தூரிக்குக் கொஞ்சம் அதிகமாகவே புரிந்துவிட்டது. பென் டிரைவில் மங்கலான படங்களும் நல்ல படங்களும் கலந்து கிடந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்குவானேன் என்று மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து அழித்தார். தொட்டியில் போய்ச் சேர்ந்ததும் வேண்டியதை மட்டும் அள்ளிக்கொள்வது அவர் திட்டம். கொட்டகையில் தினமும் செய்கிற காரியம்தானே அது. திரையில் ஆங்கிலத்தில் ஏதோ கேள்வி வந்தது. ‘ஆமாம்’ என்று அழுத்தினார். தொட்டியைத் திறந்தார். காலியாக இருந்தது.

அந்த மென்பொருளில் ஓர் அமைப்பு உண்டு. பென் டிரைவ் போன்றவற்றில் அழிப்பவை குப்பைத்தொட்டிக்குப் போகாமல் நேராகவே அழிந்துவிடும். அப்போது மட்டும், ஒரேயடியாக அழிக்கலாமா என்று தனியாக ஒரு கேள்வி வரும்; செல்வி நிறுத்தியிருந்தது அதை அல்ல. செல்விக்கு அது தெரியும். குப்பை பென் டிரைவிலேயே தங்கினால் இடம் அடைத்துக்கொள்ளும் என்று அதை அப்படியே விட்டிருந்தார்.

பக்கத்தில் இருந்த இன்னொரு பொம்மைக்காரப் பெண் ராணி, “இன்னா கேக்குதுன்னு பாக்காமயா அமுக்குவ?” என்று கஸ்தூரியைக் கடிந்தார்.

“அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க” என்றார் செல்வி. வேறெதுவும் அதில் பதிவாகிவிடாமல் இருக்கப் பென் டிரைவை உடனே கழற்றித் தன் கையில் வைத்துக்கொண்டார்.

“நீங்கதானே சொன்னீங்க, தொட்டியில போட்டா திரும்பி வரும்னு?” என்று கேட்டார் கஸ்தூரி. குரல் உயரவில்லை.

“ஆமாங்க. நான்தான் சொன்னேன். ஆனா பாதிதான் சொல்லியிருக்கேன்.”

அழிந்ததை மீட்கும் மென்பொருளை ஓட்டினார். சில படங்கள் பெயரில்லாமல் திரும்பின. பலவற்றில் மேல்பாதி மட்டும் இருந்தது, கீழே வெறும் சாம்பல் நிறம். ஒரு பொம்மையின் முகம் மூக்குவரை வந்து நின்றிருந்தது. “சிரிப்பு இருந்த எடம்தான் போயிருக்குது டீச்சர்” என்று என்னிடம் காட்டினார். அதை மூடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆர்டர் வேறு இடத்துக்குப் போய்விட்டது. கஸ்தூரி இன்று வேறொருவர் கொட்டகையில் கூலிக்கு அச்சு ஊற்றுகிறார். எங்கள் அறைக்கு அதன்பின் வரவில்லை. செல்வி அவர் வீட்டுக்குப் போய்ப் பேசப் பார்த்தார். “வாங்க” என்று நாற்காலியை எடுத்துப் போட்ட கஸ்தூரி அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பும் வழியில், “திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்” என்றார் செல்வி.

அடக்கத்தன்று கஸ்தூரி வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் கலைந்த பிறகு என்னிடம் வந்து நின்றார்.

“எனக்குக் கோவம் இன்னும் போவல டீச்சர். இனிமே அதை யாருகிட்ட காட்டறது?”

தெருமுனைவரை அவருடன் சேர்ந்து நடந்தேன்.

படங்கள் அழிந்த அன்றே செல்வி எல்லாக் கணினிகளிலும் அந்த அமைப்பை மாற்றிவிட்டார். அழிக்கும் முன் கேட்கும் கேள்வியையும் திரும்பக் கொண்டுவந்தார். அதனால் இப்போது பென் டிரைவுகள் நிறைந்துவிடுகின்றன, பெண்கள் அலுத்துக்கொள்கிறார்கள். குப்பையைக் காலிசெய்யும் வேலை என்னுடையது. ஒவ்வொரு முறையும் உரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு படமாகக் காட்டி, வேண்டாமா என்று கேட்டபிறகே செய்கிறேன். நேரம் பிடிக்கிறது. பாதி மட்டும் சொன்னேன் என்று ஒருவர் எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்ட அந்த நிமிடம்தான் செல்வியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது. அது எனக்கு ஆறுதல் தரவில்லை. என் கையை நிதானப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

இதைப் படிப்பவர்கள் எந்தக் கோப்பு மேலாளரை வைத்திருந்தாலும் சரி, இன்று ஒன்று செய்து பாருங்கள்: தேவையில்லாத ஒரு படத்தைப் பென் டிரைவில் நகலெடுத்து, அங்கேயே அழித்துவிட்டு, அது குப்பைத்தொட்டியில் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.