ஜப்பான் முகம்

ஒரு ஜப்பானியப் பெண்ணை ஜப்பானியள் அல்ல என்று பொய் சொன்னேன். அதுவும் ஜப்பானியர்களிடமே!

சிரிக்கிறீர்களா? முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

டுசல்டோர்ஃபில், ஜப்பானிய நிறுவனங்கள் நெருங்கிக் கிடக்கும் தெருவொன்றில் சுஷிக் கடை நடத்துகிறேன். நான் யாழ்ப்பாணத்தான். அகதியாக வந்து இதே கடையில் கோப்பை கழுவியவன். பழைய முதலாளி வயதாகி ஜப்பானுக்குத் திரும்பியபோது கடை என் கைக்கு வந்தது. அரிசியின் பதம் தெரியும், மீனின் தரம் தெரியும். வரவேற்பும் நன்றியும் தவிர ஜப்பானிய மொழியில் ஒரு சொல்லும் தெரியாது! இத்தனை வருடமாக அந்த நாட்டை விற்றுப் பிழைப்பவனின் தகுதி இவ்வளவுதான்.

என் கடைக்கு வேலைக்கு வந்த எமி ஜப்பானின் கோபே நகரில் பிறந்தவள். தாய் ஜப்பானியள். தகப்பன் எங்கள் ஊர்க்காரர். கப்பலில் வேலைக்குப் போய் அங்கேயே தங்கியவர். அவருடைய கறுப்பும் சுருட்டை முடியும் அப்படியே அவளுக்கு. பிறந்த ஊரிலேயே கடைக்காரர்கள், "ஜப்பானிய மொழி நன்றாகப் பேசுகிறீர்களே!" என்று பாராட்டுவார்களாம். அந்தப் பாராட்டிலிருந்து தப்பத்தான் ஜெர்மனிக்கு வந்தாளாம்.

எனக்கா அது புரியாது? எனக்குக் குடியுரிமைப் பத்திரம் நீட்டிய பெண்மணியும் என் ஜெர்மன் மொழியைப் பாராட்டித்தான் அனுப்பினாள்!

என் மனைவி சாந்தி எமியைக் கண்டதும் கட்டிப்பிடித்தாள். "இஞ்சை பாருங்கோப்பா, எங்கட பிள்ளையல்லோ இது!"

"ஓம், எங்கட பிள்ளைதான்" என்றேன். செலவில்லாத சொல்...

வாடிக்கையாளர் பார்க்கச் சுஷி உருட்டும் கவுண்டரில் யாரை நிறுத்தினேன் தெரியுமா? வியட்நாமியனான குவாங்கை! ஜப்பானைப் படத்தில் மட்டும் கண்டவன். ஜெர்மன்காரர்கள் அவனுக்குத் தலை குனிந்து வணங்கிவிட்டுப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். மூடர்கள்! ஆனால் அந்த மூடத்தனத்தில்தான் என் வீட்டு அடுப்பு எரிந்தது. எமி உள்ளே, சமையலறையில். அவள் ஏனென்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒரு மாலை, ஜப்பானிய நிறுவனமொன்றின் ஆட்கள் தங்கள் மேலதிகாரிக்குப் பிரியாவிடை விருந்து வைத்தார்கள். உள்ளே எமி எதையோ கைதவறிப் போட்டுவிட்டுத் தன்னையே தன் மொழியில் திட்டிக்கொண்டாள். மேலதிகாரியின் முகம் மலர்ந்தது.

"உள்ளே எங்கள் நாட்டுப் பெண் இருக்கிறாளா? கூப்பிடுங்கள், பார்க்கிறேன்" என்றார் ஜெர்மனில்.

எதற்கு அஞ்சினேன்? இந்த நிறத்தோடு அவள் வெளியே வந்தால் என் கடை போலி என்று நினைத்துவிடுவார்களென்றா? கடையிலிருந்த ஒரே அசல் அவள்தானே!

"அவள் என் உறவுக்காரப் பெண். இலங்கைப் பிள்ளை. கார்ட்டூன் பார்த்துப் பழகிய மொழி அது" என்றேன்.

திரும்பினால்... தட்டோடு சமையலறை வாசலில் எமி.

அவள் மேசைக்கு வந்தாள். தட்டை வைத்தாள். குனிந்து வணங்கி ஏதோ சொன்னாள். எல்லாரும் சிரித்துக் கைதட்டினார்கள். அருகிலிருந்த இளம் பெண் எனக்கு ஜெர்மனில் சொன்னாள்: "'மாமா சொல்வது உண்மைதான், கார்ட்டூனில் படித்தது, பிழையிருந்தால் மன்னியுங்கள்' என்கிறாள். அடடா, எவ்வளவு நன்றாகப் பேசுகிறாள்!"

என் பொய்யை அவளே காப்பாற்றிக் கொடுத்தாள். பதிலுக்கு, எந்தப் பாராட்டிலிருந்து தப்பி வந்தாளோ அதையே வாங்கிக்கொண்டாள்.

விருந்தினர் போனபின், "ஏன் அப்படிச் சொன்னாய்?" என்று கேட்டேன். நான்... அவளைக் கேட்டேன்!

"அவர்களோடு வாதாடிப் பழகிவிட்டேன். உங்களோடும் வாதாட வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை" என்றாள். ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் போனாள். பிறகு வரவேயில்லை.

"எமி ஏனப்பா வீட்டுப் பக்கம் வாறேல்லை?" என்று சாந்தி கேட்டாள்.

"ஊர் நினைப்பு வந்திட்டுதாம். ஜப்பானுக்குப் போயிட்டாள்."

எங்கே போனாள் என்று எனக்குத் தெரியாது. தேடவும் இல்லை. தேடிக் கண்டால் எந்த முகத்தோடு நிற்பேன்?

இப்போது அதே நிறுவனம் ஜப்பானிலிருந்து இந்த நகரத்துக் கிளைக்கு ஓர் இளைஞனை அனுப்பியிருக்கிறது. அங்கே நகோயாவில் பிறந்தவன், தகப்பன் ஆப்பிரிக்காவின் கானாக்காரர். ஜப்பானிலுள்ள அலுவலகத்தில் தன்னைப் போன்ற கலப்புப் பிள்ளைகளின் எண்ணிக்கை இப்போது கூடிவருகிறது என்றான். இன்னமும் முறைத்துப் பார்ப்பவர்கள் உண்டாம். ஆனாலும் நாடு மெல்ல மாறுகிறதாம். மாறட்டும்! கலப்பில்லாத ஜப்பானை இங்கே நான் காவல் காத்துக்கொண்டிருக்கிறேன்... யாழ்ப்பாணத்தான்!

போன கிழமை சாப்பிட்டு முடித்துப் புறப்படும்போது அவன் என்னிடம் வந்தான்.

"இங்கே யாரும் என்னை எங்கிருந்து வந்தவன் என்று கேட்பதில்லை. நீங்களும் வெளியிலிருந்து வந்தவர், அதனால் உங்களுக்குப் புரிகிறது. நன்றி" என்று இடுப்பு வளையக் குனிந்தான்.

மறுத்திருக்கலாம். எமியின் பெயரையாவது சொல்லியிருக்கலாம்.

நானும் குனிந்தேன்.