அமாவாசையன்று ஓடிய தறி

மாமல்லபுரம் போகலாம் என்று முதலில் சேகரைத்தான் கூப்பிட்டேன். பள்ளியிலிருந்தே நண்பன், காஞ்சிபுரத்தில் பட்டு நெசவு வேலை.

“வர முடியாதுபா. தறியில உக்காந்துக்கினு இருக்கேன், புடவைய இன்னைக்கே முடிக்கணும்” என்றான்.

பாவம் என்று தனியாகவே பஸ் ஏறினேன்.

கடற்கரைக் கோயில் வாசலில் சேகர் நான்கு பேரோடு சிரித்துக்கொண்டு நிற்கிறான்.

அப்போதுதான் உறைத்தது. இன்று அமாவாசை, நெசவாளர்களுக்கு விடுமுறை. காஞ்சிபுரத்தில் எவனும் தறியில் உட்கார மாட்டான். அதைக்கூட யோசிக்காமல் நம்பியிருக்கிறேன்.

என்னைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. பிறகு போனை நீட்டினான்.

“நல்ல நேரத்துல வந்தபா. எங்க அஞ்சு பேரையும் ஒரு போட்டோ எடுத்துக் குடு.”

போனைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து எடுத்தேன். நான்கு பேரும் அழகாக விழுந்திருக்கிறார்கள். அவனுக்கு மட்டும் கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் இருந்து கேட்கிறேன். கொஞ்சம் கம்மியாகச் செய்துவிட்டேனோ?