டீச்சருக்கு வைத்த சுமைதாங்கி

எங்கள் டீச்சர் செத்ததற்கு நான்தான் காரணம் என்று ஒரு மாசத்துக்கும் மேலே நம்பிக்கொண்டிருந்தேன். பதினோரு வயசில் ஒருத்தி தூக்குகிற பாரமா அது? ஆனால் தூக்கினேன். சோறு தின்றேன், சீரியல் பார்த்தேன், தம்பியை அடித்தேன். எல்லாவற்றுக்கும் நடுவில் அதையும் தூக்கிக்கொண்டுதான் திரிந்தேன்.

டிவியில் எந்நேரமும் பன்றிக் காய்ச்சல் பற்றியே சொல்லிக்கொண்டிருந்த வருஷம் அது. காடாம்புலியூரில் நாங்கள் யாரும் பெரிதாகப் பயப்படவில்லை. எங்கள் பக்கம் முந்திரியும் பலாவும்தான் ஜாஸ்தி. பன்னியே இல்லாத ஊருக்குப் பன்னிக் காய்ச்சல் எப்படி வரும் என்று அப்பாவே டீக்கடையில் கேட்டுவிட்டு வந்தார். அவர் குட்டியானை வண்டி ஓட்டுகிறவர், நாலு ஊர் பார்த்தவர். அதனால் அந்தக் கேள்வியைத் தெருவே பதிலாக எடுத்துக்கொண்டது.

டீச்சர் சிதம்பரத்துக்காரர். ஆறாவதுக்குக் கணக்கும் அறிவியலும் எடுத்தார். எங்கள் தெருவிலேயே வாடகைக்கு இருந்தார். அவர் வீட்டுக்காரர் அண்ணாமலை நகரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார்; ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து போவார். ஊரில் எல்லோருக்கும் அவர் 'சார்'. ஜெராக்ஸ் எடுக்கிறவரை எதற்கு சார் என்கிறோம் என்று யாரும் யோசித்ததில்லை. டீச்சர் வீட்டுக்காரர் என்றால் சார்தானே.

டீச்சர் அப்போது உண்டாகியிருந்தார். மசக்கை அவரைப் படுத்திய பாடு எங்கள் வகுப்புக்கே தெரியும். பாதிக் கணக்கில் சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே ஓடுவார். திரும்பி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏண்டி, உன் டப்பாவுல மாங்கா இருந்துதே, ஒரு துண்டு குடு" என்று என்னிடம் கை நீட்டுவார். மொத்த வகுப்பும் பார்த்துக்கொண்டிருக்க என் டப்பாவிலிருந்து எடுத்துத் தின்பார். எனக்கு அதைவிடப் பெருமை அந்த வருஷத்தில் வேறு கிடைக்கவில்லை. மாங்காய் சீசன் முடிந்த பிறகும் அம்மாவை நச்சரித்து ஊறுகாயாவது வைத்துக்கொண்டு போனேன்.

ஏழாம் மாசத்தில் மற்ற டீச்சர்கள் சேர்ந்து பள்ளிக்கூடத்திலேயே ஒரு வளைகாப்பு வைத்தார்கள். வகுப்புக்கு ஒரு பிள்ளை வளையல் போடலாம் என்றார்கள். ஆறாவதுக்கு லீடர் நான். பண்ருட்டிக்குப் போன அப்பாவிடம் சொல்லி ஒரு டஜன் பச்சை வளையல் வாங்கி, தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன். காலையில் எழுந்தால் உடம்பு அனலாகக் கொதிக்கிறது.

அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு நீ எங்கயும் போவ வேணாம்" என்றாள். நான் அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் அரை மாத்திரையைக் கொடுத்து, "வளையல போட்டுட்டு ஓடியாந்துடணும்" என்று அனுப்பினாள். போனேன். டீச்சர் கன்னத்தில் சந்தனம் பூசினேன். வளையல் ஏற மாட்டேன் என்றது. அவர் கையைப் பிடித்து ஒவ்வொன்றாக ஏற்றினேன்.

"ஏண்டி, கை இப்படிச் சுடுது?"

"வெயில்ல வந்தேன் டீச்சர்" என்றேன். சொல்லும்போதே அவர் முகத்துக்கு நேராகத் தும்மினேன். டீச்சர் சிரித்துக்கொண்டே முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டார்.

எனக்கு மூன்று நாளில் சரியாகிவிட்டது. டீச்சருக்கு அந்த மூன்றாம் நாள்தான் காய்ச்சல் ஆரம்பித்தது. அடுத்த நாலாம் நாள் மூச்சு விட முடியாமல் திணறியவரை அப்பாவின் வண்டியில்தான் கடலூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து பாண்டிச்சேரிக்கு. சளி நெஞ்சில் இறங்கிவிட்டதாம், கர்ப்பத்தோடு இருப்பதால் தாங்கவில்லையாம். ஒரு வாரம் கழித்து, இரண்டு உயிரும் போய்விட்டது என்று போன் வந்தது.

அப்புறம்தான் எங்கள் ஊரின் வீரம் வெளியே வந்தது. டீச்சர் வீட்டு வாசலில் பிளீச்சிங் பவுடர் கொட்டினார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா வீட்டு நிலையிலும் வேப்பிலை. பிரேதத்தை நேராகச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எங்கள் ஊரிலிருந்து ஒரு ஆள் போகவில்லை. வளைகாப்பில் ஐந்து வகைச் சாதமும் தின்ற ஊர். கருமாதிக்கும் போகவில்லை. யார் வீட்டில் காய்ச்சல் என்று சுகாதாரத் துறையிலிருந்து ஆள் வந்து கேட்டபோது, அம்மா என்னை உள்ளே தள்ளிவிட்டு, "எங்க வூட்ல யாருக்கும் ஒண்ணும் இல்லீங்க" என்றாள். கதவைச் சாத்திவிட்டு என் வாயில் விரலை வைத்து, "அன்னிக்கு உனக்குக் காய்ச்சல்னு எவகிட்டயும் மூச்சு விடக் கூடாது" என்றாள். அப்படியானால் நான்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பயம் தெளிந்தால் வெட்கம் வரும்தானே. வந்தது. குழாயடியில் பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் தண்ணீர் பிடித்தார்கள். யாரோ ஒருத்தி, "புள்ளத்தாச்சியா போனவ. ஒரு கல்லாவது போடணும்" என்று ஆரம்பித்தாள். வயிற்றில் பிள்ளையோடு செத்தவளுக்குச் சுமைதாங்கி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைப்பார்கள். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர்கள் ஆள் துணை இல்லாமலே இறக்கி வைத்து இளைப்பாறலாம். யாரோ ஒருத்தரின் சுமை இறங்க இறங்க, செத்தவளுடைய வயிற்றுச் சுமையும் இறங்கும் என்பது நம்பிக்கை. அதைக் குடும்பத்தார்தான் வைப்பார்கள். இங்கே ஊர் வைப்பதாக முடிவாயிற்று.

பள்ளிக்கூடத்து வழியில், புளியமரத்துக்கு அருகே இடம் பார்த்தார்கள். கொத்தனார் எவ்வளவு உயரம் என்று கேட்டதும் சண்டை வந்தது. பெரியவர் ஒருத்தர் ஆள் கழுத்து உயரம் என்றார். அம்மா எப்போதும் கூட்டத்தில் பேசாதவள், அன்றைக்குப் பேசினாள். "இப்ப யாரு தலையில தூக்கினு வர்றா? எல்லாம் வண்டியிலதான் போவுது. இந்த வழியில சுமையோட நடக்கிறது நம்ப புள்ளைங்கதான். டீச்சருக்கு வைக்கிற கல்லுல புத்தகப் பைய எறக்கட்டுமே." யாரும் மறுக்கவில்லை. கொத்தனார் எங்களை வரிசையாக நிற்க வைத்து, தோளுக்கு நேராக மட்டம் பார்த்தார். ஒன்றாவது பிள்ளைகளுக்கு எட்டாது, எட்டாவது பையன்கள் குனிய வேண்டும். ஆறாவதுக்குச் சரியாக இருந்தது. அப்படியொரு குட்டைச் சுமைதாங்கி சுற்றுவட்டாரத்தில் எங்கும் கிடையாது.

சிதம்பரத்திலிருந்து டீச்சரின் அம்மாவும் தம்பியும் காரில் வந்தார்கள். சார் பஸ்ஸில் வந்தார். முகத்தில் தாடி, சட்டை தொளதொளவென்று தொங்கியது. கல்லுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, படையல் போட்டார்கள். பிறகு தலைமையாசிரியர், "முதல் சுமையை ஆறாவது லீடர் வைக்கட்டும்" என்றார்.

நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கொன்றவளே வந்து முதல் சுமையை இறக்கினால் அந்தக் கல் டீச்சருக்கு எப்படி உதவும்? பையோடு திரும்பிப் பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் ஓடிவிட்டேன். பிள்ளை டீச்சரை நினைத்து அழுகிறது, விடுங்கள் என்றார்கள். சார் மட்டும் பின்னாலேயே வந்தார். என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "இன்னாம்மா?" என்று கேட்டார்.

அம்மாவின் விரலெல்லாம் மறந்துபோயிற்று. எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல், வெயில் என்று சொன்ன பொய், தும்மல், டீச்சர் என் மூக்கைத் துடைத்தது. அவர் கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஏதோ ஒன்று வந்து போயிற்று. என்னை அடிக்கப் போகிறார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நீ இல்லம்மா" என்றார். "அதுக்கு முன்னாடியே எனக்குக் காய்ச்சல். எங்க கடைக்குத் தெனம் அத்தன பசங்க வர்றாங்க இல்ல, அவுங்ககிட்டேயிருந்து எனக்கு ஒட்டிக்கிச்சு. நான்தான் அவளுக்குக் கொண்டாந்து குடுத்தேன். நீ போயி பைய வையி. அவ காத்துனு இருப்பா."

அப்பாடா என்றிருந்தது. பிரம்மஹத்தியே தோளை விட்டு இறங்கின மாதிரி. ஓடி வந்து எல்லோர் முன்னாலும் பையைக் கல்லின்மேல் வைத்தேன். பெண்கள் அழுதார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. சந்தோஷத்தை அடக்கத் தெரியாத வயசு. படையல் பொங்கலைத் தின்றுகொண்டே பக்கத்திலிருந்தவளிடம் சொன்னேன்: "டீச்சருக்குச் சார்கிட்டேயிருந்துதாண்டி காய்ச்சல் வந்துச்சு. அவரே சொன்னாரு." அவள் அவள் அம்மாவிடம் சொன்னாள். பொங்கல் தீர்வதற்குள் அது டீச்சரின் அம்மா காதுக்குப் போய்விட்டது.

அந்த அம்மா எழுந்து சாரிடம் போனார். "நீங்களா கொண்டாந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். சார் கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். பிறகு, "ஆமாங்கத்தே" என்றார்.

அந்த அம்மா காரில் ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் ஒருத்தரும் அவரோடு பேசவில்லையாம், திவசத்துக்குக்கூட அவரைச் சேர்க்கவில்லையாம் என்று பிற்பாடு ஊரில் பேசிக்கொண்டார்கள். பாவி மனுஷன், காய்ச்சலை வைத்துக்கொண்டு புள்ளத்தாச்சிப் பக்கத்தில் போகலாமா என்று நானும் சேர்ந்து கேட்டிருக்கிறேன்.

ஒன்பதாவது படிக்கும்போது ஒருநாள் அப்பாவிடமே அப்படிச் சொன்னேன். வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "அவருக்கு எங்கடி காய்ச்சல்? டீச்சரு படுத்தப்புறம் நான் போன் போட்டுத்தான் வந்தாரு. அதுக்கு முன்ன ரெண்டு வாரமா ஊருக்கே வரல. ஆஸ்பத்திரியில அவரையும் டெஸ்ட் பண்ணிட்டு, ஒண்ணுமில்லன்னுட்டாங்க." எனக்கு வந்தது என்ன காய்ச்சல் என்று யாரும் டெஸ்ட் பண்ணவில்லை. இன்றுவரை தெரியாது.

கல் வைத்த அன்றைக்குச் சாயங்காலம் சார் வடலூர் பஸ்ஸுக்காகத் தனியாக நின்றுகொண்டிருந்தார். நான் ரோட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து குதித்துக் குதித்துக் கை ஆட்டினேன். அவரும் ஆட்டினார். காரில் போயிருக்கலாமே, எதற்கு இந்தச் சார் பஸ்ஸுக்கு நிற்கிறார் என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.