வீட்டுக்குள் வைத்துக் காத்த மகள்

சுனாமியில் மகனைப் பறிகொடுத்த பிறகு, மிஞ்சிய மகளைக் கல்லடியில் இருக்கும் எங்கள் வீட்டை விட்டு வெளியே விளையாட நான் விடவில்லை. முதலில் கடலுக்குப் பயந்தேன். பிறகு, பிள்ளைகளைப் போருக்குப் பிடித்துப் போகிறவர்களுக்குப் பயந்தேன். வீட்டிலேயே இருக்கட்டுமென்று டிவியும் பிஸ்கட்டும் சோடாவும் கொடுத்தேன்.

யுத்தம் முடிந்த வருடம், பதினாறு வயதில், பள்ளிக்கூடப் படியில் மயங்கி விழுந்தாள்.

"சீனி வருத்தம், நீரிழிவு. பிள்ளை ஓடியாடி விளையாடுறல்லையா?" என்று டொக்டர் கேட்டார்.

நான் வாய் திறக்குமுன், "அம்மா விடல்ல டொக்டர்," என்றாள் மகள்.

இப்போது கணவரும் நானும் அவளுமாகத் தினமும் காலையில் கடற்கரையில் நடக்கிறோம். அவள் வேகமாக முன்னால் போய்விடுவாள். "மெல்லப் போ மகள்," என்று நான் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை.

– ஒரு தாய், கல்லடி