விரல் வைத்தால் திறக்கும் ஊர்

பத்தொன்பது வயதில் நான் எழுதிய ஒரு கதையால் என் அம்மாவுக்கு வேலை போனது. இப்படிச் சொன்னால் நான் பெரிதுபடுத்துவதாகச் சிலர் நினைக்கிறார்கள். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு லைட்ஹவுஸ் குப்பத்தில். நைனா ஃபைபர் படகில் கடலுக்குப் போவார். அம்மா பழவேற்காட்டில் ஏரியை ஒட்டியிருந்த ஒரு ஷெட்டில் இறால் உரித்தாள். ஏரிக்கு அந்தப் பக்கமிருந்து ராக்கெட் கிளம்பும் நாளில் எங்கள் வீட்டு அலுமினியப் பாத்திரங்கள் அதிரும். அன்று கடலுக்குப் போகக் கூடாது என்று முன்னாலேயே சொல்லிவிடுவார்கள். அதனால் விண்வெளி என்றால் எங்கள் தெருவில் யாருக்கும் பிரமிப்பு கிடையாது, ஒரு நாள் மீன்பாடு போச்சு என்ற சலிப்புதான். எனக்கும் என் சித்தி மகனுக்கும் மட்டும் அப்படி இல்லை. அவன் என்னைவிட இரண்டு வயது சின்னவன். நூலகத்தில் யாரோ பைண்டு செய்து கொடுத்துவிட்டுப் போன பழைய வாரப் பத்திரிகைத் தொடர்களை நாங்கள் இருவரும் தாள் கிழியும்வரை படித்தோம். முகம் பார்த்துப் பேசும் போன், தானாக ஓடும் கார், மனிதனுக்குப் பதில் வேலை செய்யும் இயந்திரம். நான் அவற்றைக் கதை என்று படித்தேன். அவன் பஸ் நேரப் பட்டியல் மாதிரி படித்தான். எது எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருப்பான்.

பொன்னேரியில் கல்லூரியில் சேரும்போது என் சாதிச் சான்றிதழில் நைனா பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தது. அதைத் திருத்த எத்தனையோ நாள் தாலுகா ஆபீஸுக்கு அலைந்தேன். ஒரு மேசையில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே எந்த ஊர் என்று கேட்டார். குப்பத்தின் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்தார். அந்தப் பார்வையை வீட்டுக்கு எடுத்து வந்து, அந்த வாரமே ஒரு நீள நோட்டில் கதை எழுதினேன். நூறு வருடம் கழித்து ஒரு ஊர். அங்கே காகிதமே கிடையாது. கதவில் விரலை வைத்தால் போதும், கதவு "வாங்க" என்று சொல்லித் திறந்துகொள்ளும். நீ யார் மகள், எந்தத் தெரு என்று கேட்க ஆளே இல்லை. தலையில் மீன் கூடையோடு ஒரு பெண் அந்த ஊரின் மிகப் பெரிய கட்டடத்துக்குள் விரலை வைத்து நுழைவதோடு கதை முடியும்.

ஒரு மாத இதழ் அதை வெளியிட்டது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துக் காட்டினேன். கதவு பேசுகிற இடத்தை மறுபடி படிக்கச் சொன்னாள். அடுத்த நாள் என்னை ஷெட்டுக்கே கூட்டிப் போய், டீ குடிக்கிற நேரத்தில் எல்லோருக்கும் படிக்க வைத்தாள். அந்த ஊருக்கு இங்கேயிருந்து பஸ் உண்டா என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள், ஆனால் பெருமையாக. ஐஸில் ஊறிய கைகளைப் புடவையில் துடைத்துவிட்டு அவர்கள் என் பத்திரிகையைத் தொட்டுப் பார்த்தார்கள். அந்தக் கைகளை நான் அன்று பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், எதையும் கவனிக்கவில்லை.

சித்தி மகன் இன்ஜினியரிங் படித்தான். என் கதை வந்த பக்கங்களைக் கிழித்துத் தன் பாடப் புத்தகத்துக்குள் வைத்திருந்தான். சென்னையில், ஆட்கள் வந்ததைப் பதிவு செய்யும் இயந்திரம் தயாரிக்கிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்தது. இதற்குள் நாங்கள் படித்ததெல்லாம் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. மீன் எங்கே கூடியிருக்கிறது என்று வானத்திலிருந்து பார்த்து நைனாவின் போனுக்குச் செய்தி வந்தது. அதே செய்தி பெரிய படகுகளுக்கும் போனது. நைனா போய்ச் சேர்வதற்குள் அவர்கள் வாரிக்கொண்டு திரும்பியிருப்பார்கள். முகம் பார்த்துப் பேசும் போனும் வந்தது. குவைத்துக்குப் போன புருஷனோடு எதிர்வீட்டுப் பெண் அதில் சண்டை போட்டாள். பழைய கதைகள் எழுதியவர்கள் பொருளைச் சரியாகச் சொன்னார்கள். அது யார் கைக்குப் போய்ச் சேரும் என்பதை மட்டும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒரு நாள் சித்தி மகன் போன் செய்தான். அம்மா வேலை செய்த அதே ஷெட்டில் அவர்கள் கம்பெனி மெஷின் வைக்கப் போவதாகச் சொன்னான். வெளிநாட்டுக்கு இறால் வாங்குகிறவர்கள், யார் எந்த நாளில் வேலை செய்தார்கள் என்று பதிவு கேட்கிறார்களாம். நீ கட்டாயம் வரணும்க்கா என்றான். போனேன்.

ஷெட் வாசலில், டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டியைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். முதலாளி வந்திருந்தார். சித்தி மகன் அயர்ன் பண்ணிய சட்டை போட்டிருந்தான். அவன் பெண்களிடம், இதை முதலில் யோசித்தது எங்கள் அக்காதான், நீங்களே அந்தக் கதையைக் கேட்டிருப்பீர்கள் என்று சொன்னான். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்து எழுதினால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

வரிசையாக வந்து விரலை வைத்தார்கள். புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. மூன்றாவதாக வந்தவளுக்குச் சிவப்பு. "மன்னிக்கவும், மீண்டும் முயற்சிக்கவும்" என்று பெட்டி சொன்னது. படித்த பெண்ணின் குரல், ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. சித்தி மகன் அவளை சோப்பு போட்டுக் கழுவி வரச் சொன்னான். துணியில் தேய்க்கச் சொன்னான். வேறு விரல், வேறு கை. பதினொரு பெண்களுக்கு ஒரு விரலும் ஏறவில்லை. அம்மா அதில் ஒருத்தி.

வருடக்கணக்காக ஐஸ் தண்ணீரில் இறால் ஓட்டை உரித்த விரல்கள். இறாலின் கொம்பு குத்திக் குத்தி, அதன் நீர் அரித்து அரித்து, நுனியில் ரேகை என்று ஒன்றுமே இல்லாமல் போயிருந்தது. அன்றுதான் அம்மாவின் கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தேய்ந்த சோப்பு மாதிரி வழவழவென்று இருந்தது. அம்மா பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்தாள். பத்து முறையும் பெட்டிக்குள் இருந்த அந்தப் பெண் குரல் மன்னிப்புக் கேட்டது. கடைசியில் அம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"இன்னாடி, உன் கதவு என்னை வாங்கன்னு சொல்லவே இல்ல?"

கேலியாகத்தான் கேட்டாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

கொஞ்ச நாள் அந்தப் பதினொரு பேருக்கும் மேஸ்திரி நோட்டில் எழுதிக்கொண்டார். அப்புறம் நோட்டெல்லாம் செல்லாது, மெஷினில் ஏறுகிறவர்கள் மட்டும் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். ஷெட்டில் வேகமாக உரிக்கிற கைகள் அந்தப் பதினொரு பேருடையவைதான். அதிகம் உரித்ததால்தான் அவர்கள் விரல் தேய்ந்தது, விரல் தேய்ந்ததால்தான் அவர்களை வெளியே அனுப்பினார்கள். முதலாளியைப் பார்க்கப் போனேன். மரியாதையாகத்தான் பேசினார். என் கையில் எதுவும் இல்லம்மா, வாங்குகிறவன் கேட்கிறான் என்றார். நாற்காலி போடச் சொன்னார். டீ வரவழைத்தார்.

அன்று சாயங்காலம் சித்தி மகனுக்குப் போன் செய்து கத்தினேன். சொந்தப் பெரியம்மா வேலையைப் பிடுங்கிவிட்டாயே என்றேன். எப்படி உனக்கு மனசு வந்தது என்றேன். அவன் முழுவதையும் கேட்டுக்கொண்டான். பிறகு சொன்னான்.

"மெஷினுக்கு யார் வெரலும் ஒண்ணுதான்க்கா. ஆபீஸ்ல உக்காந்துக்கினு கீறவன் வெரலை வச்சித்தான் நாங்க டெஸ்ட் பண்ணோம், அது எங்க தப்புதான். நீ எழுதும்போது யார் வெரலை நெனச்சி எழுதுன?"

போனை வைத்துவிட்டேன். அவன் கேட்டது நியாயம். என் கதையில் மீன் கூடைக்காரிக்கு நீளமான, சுத்தமான விரல்கள் இருந்தன. நானே அப்படி வர்ணித்திருந்தேன். என் விரலை வைத்து எழுதியிருக்கிறேன். பேனா பிடித்த விரல்.

அவன் சும்மா இருக்கவில்லை. முகத்தைப் பார்த்துப் பதிவு செய்கிற கேமராவை ஷெட்டில் வைக்கலாம் என்று கம்பெனியில் மன்றாடி ஒப்புக்கொள்ள வைத்தான். அது வந்து சேர்வதற்குள் பதினொரு இடத்திலும் வேறு ஊர்ப் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அம்மாவின் முகத்தைக் கேமரா உடனே எடுத்துக்கொண்டது. உட்கார இடம்தான் இல்லை. அம்மா காட்டூர் பக்கம் களை எடுக்கப் போக ஆரம்பித்தாள். கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குச் சேற்றில் குனிந்து வேலை செய்யும் பழக்கம் கிடையாது. முதல் மாதம் படுக்கும்போதெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினாள்.

இதற்கு நடுவில் சென்னையில் ஒரு கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. அறிவியல் கதைகள் எப்படி நிஜமாகின்றன என்று பேச வேண்டுமாம். வெகு காலம் முன்பே விரல் ரேகைக் கதவை எழுதியவர் என்று என்னை அறிமுகப்படுத்தினார்கள். பின்னால் திரையில் என் கதைக்குப் போட்டிருந்த படம் பெரிதாகத் தெரிந்தது. பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தேன், பதினொரு பெண்களைப் பற்றித்தான் பேசுவேன் என்று. மைக் முன்னால் நின்றதும் வேறு என்னவோ பேசினேன். கற்பனை முன்னால் போகிறது, உலகம் பின்னால் வருகிறது என்றேன். கைதட்டினார்கள். அடுத்து என்ன வரும் மேடம் என்று ஒரு மாணவி கேட்டாள். அதற்கும் எதையோ சொன்னேன். சால்வை போர்த்தினார்கள். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அந்தப் பெரிய கட்டடத்துக்குள் என்னை மட்டும் வாங்க என்று சொல்லியிருந்தார்கள், அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்ன பேசினாய் என்று கேட்டாள். கதையைப் பற்றிப் பேசினேன் என்றேன். ஷெட்டைப் பற்றிச் சொன்னாயா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போன வருடம் பொங்கலுக்கு மறுநாள் சித்தி மகன் வீட்டுக்கு வந்தான். அம்மா மடவை மீன் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட உட்காரும் முன்னாலேயே பையிலிருந்து ஒரு புது மெஷினை எடுத்தான். தோலுக்கு அடியில் இருப்பதைக்கூட இது படித்துவிடும் என்றான். அதைச் சோதித்துப் பார்க்க, ரேகையே இல்லாத விரல்கள் நிறைய வேண்டுமாம். பெரியம்மா விரல் மாதிரி ஒன்று எங்கேயும் கிடைக்காது என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் சின்ன வயசில் நூலகத்தில் பார்த்த அதே ஆவல். ஒரு மணி நேரம் உட்கார்ந்து விரலை வைத்தால் போதும், கம்பெனி ஏதாவது கொடுக்கும் என்றான்.

அம்மா அந்தப் பெட்டியையும் அவனையும் பார்த்தாள்.

"இதுல ஏறுச்சின்னா ஷெட்டுல எடுத்துப்பாங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அது அவங்க இஷ்டம் பெரிம்மா என்றான்.

"அப்ப வேணாம்பா. உள்ள வையி. சோறு ஆறுது."

அவன் பெட்டியைப் பையில் வைத்தான். அம்மா பரிமாறினாள். கோபமாக இல்லை. மீனில் வயிற்றுப் பக்கமாகப் பார்த்து எடுத்து அவன் தட்டில் வைத்தாள். அவனால் பாதிக்கு மேல் சாப்பிட முடியவில்லை.

பஸ் ஏற்றிவிடப் பழவேற்காடு வரை நான்தான் கூடப் போனேன். பொன்னேரி பஸ் வந்து நின்றது. படியில் காலை வைத்தவன் திரும்பி, இப்போது ஏதாவது கதை எழுதுகிறாயா அக்கா என்று கேட்டான்.

இல்லை என்றேன்.