மாலிங்கம் என்கிற சீக்கு

அருள்நாதனின் முதுகில் வெளியே பார்த்தால் ஒரு கீறல் கிடையாது. அதுதான் அவனைப் பிடித்த சனியன். அறுபத்தெட்டாம் வருஷம் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலையில் கயிறு நழுவி உர மூட்டை ஒன்று அவன்மேல் விழுந்தது. அன்றிலிருந்து குந்தி எழுந்திருக்கக்கூட மனைவி வியாகுலம்மாளின் தோள் வேண்டியிருந்தது.

கம்பெனி டாக்டர் இரண்டு நிமிஷம் அழுத்திப் பார்த்தார். ஒரு சீட்டில் ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை எழுதி, ஆபீசில் கொடுக்கச் சொன்னார். வாசலில் இருந்த பியூன் சுயம்பு எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"மாலிங்கரர். பெரிய சீக்காத்தான் கீது நைனா. சின்ன சீக்குக்கு இம்மாம் பெரிய பேரு வைக்க மாட்டாங்க."

அருள்நாதனுக்கு நிம்மதி. வலிக்கு ஒரு பேர் கிடைத்துவிட்டதே. வாசலில் உட்கார்ந்து ராயபுரத்தில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னான். சொல்லச் சொல்ல அது மாலிங்கமாகத் தேய்ந்தது. மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரனுக்கு லிங்கம் எங்கிருந்து வந்தது என்று கிண்டல் செய்தார்கள். வியாகுலம்மாளோ மாலிங்கம் நீங்க மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள்.

அந்தச் சீட்டை வைத்துக் கம்பெனி நடத்திய விசாரணையில் அதிகாரி சீட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: "நீ மாலிங்கரர்னு டாக்டர் எழுதியிருக்காரு. ஒத்துக்கிறியா?"

"ஆமா சார். மூணு மாசமா மாலிங்கம்தான். எங்க தெருவுல யாரை வேணா கேளுங்க."

அவர் எழுதிக்கொண்டார். இவன் கைநாட்டு வைத்தான். வேலை போயிற்று.

சீக்கு என்று ஒப்புக்கொண்டவனை எந்த ஊரில் துரத்துவார்கள்? யானைக்கவுனி வரை மருந்துக்கடைகளில் ஆள் விட்டு விசாரித்தான். அந்தச் சீக்கைக் கேள்விப்பட்டவர் இல்லை. கடைசியில் பக்கத்து வீட்டு டைப்பிஸ்ட் ஐரீன், தன் ஆபீஸ் அகராதியில் பார்த்துத் துண்டுக் காகிதத்தில் எழுதி வந்தாள். வந்தவள் அதை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"சொல்லும்மா."

"வேலைக்கு டபாய்க்கிறதுக்காக நோவுன்னு நடிக்கிறவன்னு அர்த்தம்ணே."

அருள்நாதனுக்கு தன் வாயாலேயே ஆமாம் என்றதை நினைக்க, செத்துவிடலாம் போலிருந்தது.

"இன்னொன்னும் போட்டுகீதுண்ணே. அது பிரெஞ்சுலேந்து வந்த வார்த்தையாம். அங்க சீக்காளி, நோஞ்சான்னுதான் அர்த்தமாம்."

"அப்போ மொதல்ல அது நெஜமாத்தான் இருந்துகீது."

"ஆமாண்ணே."

"எப்போ பொய்யாச்சாம்?"

ஐரீன் காகிதத்தை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் அந்தக் காகிதத்தை அதிகாரியிடம் காட்டக் கிளம்பினான். நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து துறைமுக வாசல் போய்ச் சேர உச்சிவெயில் ஆகிவிட்டது. வாட்ச்மேன் காகிதத்தைத் தொடவே இல்லை. இவனை மேலும் கீழும் பார்த்தான்.

"முதுகு போச்சுன்னு சொன்னியே மாமு, இம்மாந்தூரம் நடந்தே வந்துகீற?"