கொத்தும் சத்தம் நின்றால்

கலுங்கான் பண்டிகைக்கு முந்தின நாள். முற்றத்தில் பன்றிக்கறி கொத்தும் சத்தம் நின்றாலே அடுப்படியில் ரெஸ்மினிக்கு வயிறு எரியும். காது கேளாத அவள் புருஷன் சுவிர்டா கத்தியைக் கீழே வைத்தால்தான் பேச முடியும். அவனுக்குக் கைதான் வாய். பாலித் தீவின் அந்த மலையூரில் பிறவியிலேயே காது கேளாதவர்கள் பலர். காது கேட்பவர்களும் கைச்சைகையாலேயே பேசுவார்கள், சண்டை போடுவார்கள். நகரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ரெஸ்மினிக்குத்தான் அந்தப் பேச்சு இன்னும் அரைகுறை.

சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தாள். தேங்காய் துருவிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி லண்ட்ரி (அவளுக்கும் காது கேட்காது) எதையோ கையால் நடித்துக்காட்ட, சுவிர்டா கண்ணில் நீர் வரச் சிரித்தான். கட்டியவளிடம் ஒருநாளாவது இப்படிச் சிரித்திருப்பானா?

அவன் தொடாத காதுக் கருவியைக் கொண்டுவந்து நீட்டினாள். "ஊனத்துல என்னய்யா பெருமை? இத மாட்டிக்கிட்டு என்கூடவும் சிரியேன்!" என்று வாயாலும் கையாலும் கத்தினாள்.

"எனக்கென்ன குறை? பேச்சு புரியாம முழிக்கிறவ நீதான்" என்றன அவன் கைகள்.

"அப்ப சொல்லு, அவ என்ன சொன்னா?"

"ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்று கையை வீசிவிட்டுக் கத்தியை எடுத்தான்.

அந்தக் கைவீச்சு மட்டும் அவளுக்கு உடனே புரிந்தது. அவள் அம்மா வீட்டில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கும்போது, என்னவென்று அவன் கேட்டால் அவள் காட்டுவது அதுதான்.